மார்பும் அடைப்பும்: நீரிழிவு அவசர நிலைகளில் இதய உயிர்க்குறிப்பான்களின் வரலாறும் சென்னை மருத்துவச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

நீரிழிவின் கடும் அவசர நிலையாகிய கீட்டோ அமிலத்தேக்கத்தில், இதயத் தமனிகளில் அடைப்பு ஏதுமற்ற நோயாளியின் குருதியிலும் ட்ரோபோனின், சி.கே.-எம்.பி. ஆகிய இதய உயிர்க்குறிப்பான்கள் உயர்ந்து காணப்படுவதுண்டு. இந்நிலை ஒரு தனி மருத்துவ வகைமையாக உருப்பெறுவதற்கு எக்கருவிகளும் எவ்வரையறைகளும் தேவைப்பட்டன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. சென்னையின் நீரிழிவு ஆய்வு மரபு, கிண்டியில் அமைந்த மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகள், ‘மாரடைப்பு’ என்னும் தமிழ்ச் சொல்லின் பொருள் எல்லை ஆகியவை இதில் கவனம் பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: நீரிழிவு, கீட்டோ அமிலத்தேக்கம், ட்ரோபோனின், மாரடைப்பு, மருத்துவ வரலாறு, கிண்டி

முன்னுரை

கிண்டியில் 1899இல் கிங் நோய்த்தடுப்பு நிலையம் தோற்றுவிக்கப்பட்டபோது சென்னை மாகாண அரசின் முதன்மைக் கவலைகளுள் ஒன்று பெரியம்மை. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரைத் தாங்கிய அந்நிலையம் அம்மைப்பால் தயாரிப்பதற்காக எழுந்தது. அதே வளாகத்தில் 2023 ஜூன் 15 அன்று 1000 படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. இதயம், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் நாட்பட்ட நோய்களுக்கான துறைகள் அங்கு இயங்குகின்றன. தொற்றுநோயிலிருந்து நாட்பட்ட நோய்க்கு ஒரு நகரத்தின் மருத்துவக் கவலை இடம்பெயர்ந்ததை ஒரே மதிற்சுவருக்குள் காண வேண்டுமெனில் கிண்டிக்குச் செல்லலாம்.

அதே கிண்டியில், அண்ணா சாலையில், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் உள்ளது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 1988இல் செயற்படத் தொடங்கிய இப்பல்கலைக்கழகத்திற்கு, தமிழகமெங்குமுள்ள மருத்துவக் கல்லூரிகளின் பட்டமேற்படிப்பு மாணவர்கள் தத்தம் ஆய்வேடுகளை அளித்து வருகின்றனர். இவ்வேடுகளை மருத்துவர்கள் தேர்வுக்கான ஒரு சடங்காகவே பெரும்பாலும் கருதுகின்றனர். வரலாற்று மாணவருக்கோ அவை வேறு வகையில் பயன்படுகின்றன. எந்த ஆண்டில் எந்தச் சோதனை அரசு மருத்துவமனையின் எட்டும் தொலைவுக்கு வந்தது, எந்த வினா கேட்கத் தகுந்ததாயிற்று என்பதற்கு அவற்றைவிட நேரடியான சான்று அரிது. நீரிழிவு அவசர நிலையில் இதயக் குறிப்பான்கள் உயர்வது ஏன் என்னும் வினாவும் அத்தகையதே. அவ்வினா பிறப்பதற்குரிய நிபந்தனைகள் யாவை என்பதே இக்கட்டுரையின் தேடல்.

அளவீட்டிற்கு முந்தைய இதயம்

ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் குஸ்மால் 1874இல் நீரிழிவு மயக்கத்தில் காணப்படும் ஆழ்ந்த, உழைப்பு மிகுந்த மூச்சினை விவரித்தார். 1922 ஜனவரியில் டொரன்டோவில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்படும் வரை, அம்மூச்சு ஏறத்தாழ உறுதியான மரணத்தின் அறிகுறியாகவே இருந்தது. மயக்கத்தில் வீழ்ந்தவர் சில நாட்களுக்குள் இறந்துவிடும் காலத்தில், அவருடைய இதயத் தசைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதற்கு இடமில்லை. இன்சுலின் வந்த பின்னரும் பல பத்தாண்டுகள் இறப்பு விகிதம் கணிசமாகவே நீடித்தது. 1970களில் ஆல்பர்ட்டி, கிதாப்சி முதலியோர் குறைந்த அளவு இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் முறையை நிலைநாட்டினர். உப்புநீரும் பொட்டாசியமும் முறையாக ஈடுசெய்யப்பட்டன. பிழைத்தெழுவோர் பெருகினர். பிழைத்தவரின் இதயத்தையே மறுநாளும் மறுவாரமும் சோதித்துப் பார்க்க இயலும் என்பதால், இவ்வினாவின் முதல் நிபந்தனை சிகிச்சையின் வெற்றியே எனலாம்.

இரண்டாவது நிபந்தனை குருதியில் இதயத்தை அளக்கும் ஆற்றல். 1954இல் நியூயார்க்கில் கார்மென், ரோப்லெவ்ஸ்கி, லாடியூ ஆகியோர் மாரடைப்புக்குப் பின் ஒரு நொதி குருதியில் உயர்வதைக் காட்டினர். இன்று கல்லீரல் சோதனையாக அறியப்படும் ஏ.எஸ்.டி.தான் அது. அதனையடுத்து கிரியேட்டின் கைனேசும், அதன் இதயம் சார்ந்த வடிவமான சி.கே.-எம்.பி.யும் வந்தன. ஆயினும் எலும்புத் தசையிலும் அது சிறிதளவு உண்டு. நீர்வற்றி, பாஸ்பேட்டு குறைந்து, தசையே சிதையத் தொடங்கும் நீரிழிவு அவசர நிலையில் அந்நொதி உயர்ந்தால் அது இதயத்திலிருந்து வந்தது என்று எவரும் உறுதி கூற இயலவில்லை. எனவே உயர்வு காணப்பட்டபோதும் அதனை ‘போலி உயர்வு’ என்று ஒதுக்கிவிடுவது எளிதாயிற்று.

இவ்வெளிமையை முடிவுக்குக் கொண்டுவந்தது ட்ரோபோனின். ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி 1965இல் தசைச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் இப்புரதத்தை இனங்கண்டார். இதயத் தசைக்கே உரிய ட்ரோபோனின்-ஐ வடிவத்தை அளக்கும் முறையை 1987இல் கம்மின்ஸ் முதலியோரும், ட்ரோபோனின்-டி அளவீட்டை 1989இல் ஹைடல்பெர்க்கில் ஹூகோ காட்டஸ் குழுவினரும் வெளியிட்டனர். இனி உயர்வைப் ‘போலி’ என்று தள்ள முடியாது. அது இதயத்திலிருந்துதான் வந்திருக்கிறது. ஆனால் தமனியில் அடைப்பு உண்டா?

‘இல்லை’ என்று சொல்வதற்கான கருவி

மூன்றாவது நிபந்தனை இங்குதான் வருகிறது. ஆய்வுலகில் இது போதிய கவனம் பெறவில்லை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். ஒரு பொருள் உண்டு என்று காட்டுவதைவிட இல்லை என்று காட்டுவது கடினம். உயிருள்ள ஒருவரின் இதயத் தமனிகளில் அடைப்பில்லை என்று உரைப்பதற்கு, 1958இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் தொடங்கிவைத்த தமனி வரைவியல், அதாவது ஆஞ்சியோகிராம், வேண்டியிருந்தது. அதற்கு முன் அக்கூற்றை உடற்கூறாய்வு மேசையில் மட்டுமே சொல்ல முடிந்தது. 1972இல் ரூப்ளர் முதலியோர் இதயச் செயலிழப்பால் இறந்த 4 நீரிழிவு நோயாளிகளின் உடற்கூற்றினை ஆராய்ந்து, தமனி நோயின்றியும் நீரிழிவு இதயத் தசையைக் கெடுக்கும் என்று எழுதியது அம்மேசையிலிருந்துதான்.

சென்னையில் இக்கருவியின் வரலாறு பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையோடு பிணைந்தது. இந்தியாவின் முதல் இதயத் தமனி மாற்றுவழி அறுவை சிகிச்சையை 1975இல் கே. எம். செரியன் அங்குச் செய்தார். அறுவைக்கு முன் தமனியைப் படமெடுத்தாக வேண்டும். ஆகவே தமனி வரைவியல் இந்நகரில் வேர்கொண்டது அடைப்பைக் கண்டு அதனைச் சரிசெய்யும் நோக்கில்தான். அடைப்பு இல்லாதவருக்கு அச்சோதனையைச் செய்ய வேண்டிய தேவையோ செலவழிக்கும் வசதியோ அப்போது இல்லை. மயக்கத்தில் வரும் நீரிழிவு நோயாளி, சிறுநீரகமும் சோர்ந்திருக்கும் நிலையில், தமனி வரைவு மேசைக்குச் செல்வது இன்றும் அரிது.

இதனால் ஒரு முறையியல் எச்சரிக்கை எழுகிறது. ‘இதயத் தமனி நோய் அற்றவர்கள்’ என்று ஓர் ஆய்வு கூறும்போது, தமனியைப் படமெடுத்துப் பார்த்து அவ்வாறு கூறுகிறதா, அல்லது நோயாளியின் முன்வரலாற்றிலும் மின் இதய வரைவிலும் அந்நோய் தென்படவில்லை என்ற அளவில் கூறுகிறதா என்று வாசகர் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. 1996–97இல் நடந்த சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வை இங்கு எடுத்துக்காட்டலாம். நடுத்தர வருவாய்ப் பகுதியாகத் திருமங்கலத்திலும், குறைந்த வருவாய்ப் பகுதியாகத் தியாகராய நகரிலும் 1,262 பேரிடம் நடந்த அவ்வாய்வு, இதயத் தமனி நோய் 11.0 விழுக்காட்டினரிடம் இருப்பதாகவும், நீரிழிவு உள்ளோரிடையே அது 21.4 விழுக்காடாக உயர்வதாகவும் கண்டது. முன்வரலாறும் மின் இதய வரைவுமே அங்கு நோயை வரையறுத்தன. மக்கள்தொகை ஆய்வுக்கு அதுவே உகந்த முறை. ஆயினும் 21.4 என்னும் எண்ணின் மறுபக்கமாகிய 78.6 விழுக்காட்டினரை ‘தமனி நோயற்றவர்’ என்று எடுத்துக்கொள்வது அவ்வாய்வு தராத முடிவு.

கீட்டோ அமிலத்தை நாடாத நீரிழிவு: ஒரு சென்னைத் தனித்தன்மை

நீரிழிவு ஆய்வில் சென்னைக்கு முன்னோடி இடமுண்டு. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது எனக் கருதப்படுகிறது. பின்னர் இராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனையும் ஆய்வு மையமும் இரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கின. அப்படியிருந்தும் கீட்டோ அமிலத்தேக்கத்தில் இதயம் என்னும் பொருளில் இந்நகரின் முன்னோடிகள் ஏன் முந்தி நிற்கவில்லை?

கருவிப் பற்றாக்குறை விடையின் ஒரு பகுதி மட்டுமே. தென்னிந்திய நீரிழிவாளர்களை அன்று ஈர்த்த புதிர் வேறொன்று. கேரளத்தில் பி. ஜே. கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்து 1968இல் நூலாக எழுதிய கணைய நீரிழிவில், ஊட்டம் குன்றிய இளைஞர்களின் கணையத்தில் சுண்ணாம்புக் கற்கள் காணப்பட்டன. அவர்தம் குருதிச் சர்க்கரை மிக உயர்ந்திருந்தது. மேலைநாட்டுப் பாடநூலின்படி இன்சுலின் இல்லையேல் அவர்கள் கீட்டோ அமிலத்தேக்கத்தில் வீழ்ந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் வீழவில்லை. சென்னையில் விஸ்வநாதனும் வி. மோகனும் இவ்வகை நோயாளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். கீட்டோன் ஏன் உருவாகவில்லை என்பதே இங்கு ஆய்வின் மையக் கேள்வியாயிற்று. உருவான கீட்டோன் இதயத்தை என்ன செய்தது என்பது பின்தங்கியது. ஒரு வட்டாரத்தின் நோயியல்பு அவ்வட்டாரத்தின் அறிவுத் தேடலைத் திசைப்படுத்துவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இடைக்குறிப்பாக ஒன்று. ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவை உலக சுகாதார நிறுவனம் 1985இல் ஒரு வகையாக ஏற்று 1999இல் நீக்கிவிட்டது. 2025 ஏப்ரலில் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு அதனை ‘5ஆம் வகை’ என மீண்டும் ஏற்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களின் பங்கு இதில் பெரிது. நீக்கப்பட்ட கால் நூற்றாண்டில் அந்நோயாளிகள் இல்லாமற் போய்விடவில்லை. அவர்களுக்குரிய பெட்டி மட்டுமே இல்லாதிருந்தது.

வரையறை மாற்றமும் அதன் விளைவும்

2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் மாரடைப்பை மறுவரையறை செய்து ட்ரோபோனினை அதன் நடுவில் வைத்தன. இயல்பான மக்கள்தொகையின் 99ஆவது நூற்றுமானத்துக்கு மேல் சென்றால் உயர்வு எனக் கொள்ளப்பட்டது. அளவீடு நுண்ணிதாக நுண்ணிதாக, சிறுநீரகச் செயலிழப்பு, குருதி நச்சுப்பாடு, நுரையீரல் தமனி அடைப்பு எனப் பல நிலைகளிலும் அவ்வெல்லை மீறப்பட்டது. கீட்டோ அமிலத்தேக்கம் அவ்வரிசையில் சேர்ந்தது.

2005இல் டென்மார்க்கைச் சேர்ந்த மோல்லர் முதலியோர் நீரிழிவுச் சிக்கல்கள் குறித்த இதழொன்றில் 2 நோயாளிகளைப் பற்றிச் சிறு கட்டுரை எழுதினர். கடும் கீட்டோ அமிலத்தேக்கம், உயர்ந்த ட்ரோபோனின்-டி, உயர்ந்த சி.கே.-எம்.பி., மாரடைப்பை ஒத்த மின் வரைவு ஆகியன ஒருங்கே இருந்தும், பின்னைய ஆய்வுகள் மாரடைப்பை உறுதிசெய்யவில்லை. மிகுந்த அமிலத்தன்மையும் கட்டுக்கடங்காது உயர்ந்த கொழுப்பு அமிலங்களும் இதயத் தசைச் சவ்வை நிலைகுலையச் செய்து குறிப்பான்களைக் கசியவிட்டிருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. 2008இல் அல்-மல்லா முதலியோர் இதனை மேலும் சிக்கலாக்கினர். வெளிப்படையான தமனிக் குறைபாடின்றிக் கீட்டோ அமிலத்தேக்கத்தில் ட்ரோபோனின் உயர்ந்தோர், உயராதோரைவிடப் பிற்காலத்தில் இதய நிகழ்வுகளுக்கு அதிகம் ஆளாயினர் என்று அவர்கள் காட்டினர். அடைப்பில்லை என்பதால் அவ்வுயர்வு பொருளற்றது என்று விட்டுவிடலாகாது என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

காரணங்கள் ஒன்றல்ல. இன்சுலின் அற்ற நிலையில் கொழுப்புச் சிதைந்து கொழுப்பு அமிலங்கள் பெருகுகின்றன. நீர்வற்றலால் இரத்த அழுத்தம் தாழ, இதயத் துடிப்பு விரைகிறது. இதயத்துக்கு வேண்டும் உயிர்வளிக்கும் கிடைக்கும் உயிர்வளிக்கும் இடையே பற்றாக்குறை தோன்றுகிறது. சிறுநீரகம் சோர்ந்தால் குறிப்பான்கள் வெளியேறுவதும் தாமதிக்கிறது. பொட்டாசியம் தனிக் கவனத்திற்குரியது. உடலின் மொத்தப் பொட்டாசியம் இழக்கப்பட்டிருந்தும், அமிலத்தேக்கத்திலும் இன்சுலின் இன்மையிலும் அது உயிரணுவிலிருந்து குருதிக்குப் பெயர்ந்து அங்கு மிகுந்து நிற்கும். அம்மிகுதி மின் இதய வரைவில் மாரடைப்பின் சாயலையே தோற்றுவிக்கும். பாஸ்டனைச் சேர்ந்த லெவைன் முதலியோர் 1956இலேயே, பொட்டாசிய மிகுதியால் தோன்றிய இத்தகைய சாயல் குருதிச் சுத்திகரிப்புக்குப் பின் மறைந்ததைப் பதிவுசெய்தனர். வரைவும் குறிப்பானும் ஒரே தவறான சாட்சியத்தை ஒருங்கே சொல்லும் அரிய தருணம் இது.

எதிர்த்திசையும் உண்மை என்பதை மறக்கலாகாது. நீரிழிவாளர்க்கு வலியின்றியே மாரடைப்பு நேரலாம். அம்மாரடைப்பே கீட்டோ அமிலத்தேக்கத்தைத் தூண்டவும் கூடும். அவசரப் பிரிவின் இளம் மருத்துவர் முன் நிற்பது ஏட்டுச் சிக்கலன்று. தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளையும் பெருமருத்துவமனைகளையும் இணைத்து மாரடைப்புக்கு விரைந்து சிகிச்சையளிக்கும் வலையமைப்பு உருவாக்கப்பட்டு, அதன் பயன் 2017இல் பன்னாட்டு இதழில் வெளியாயிற்று. மருத்துவமனையை அடைந்த நேரத்துக்கும் தமனி திறக்கப்படும் நேரத்துக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும் ஏற்பாடு அது. அவ்விரைவில், பொட்டாசியத்தால் தோன்றிய போலிச் சாயலுக்கு இரத்தக்கட்டி கரைப்பு மருந்து செலுத்தப்பட்டால் மூளையில் குருதிக்கசிவு நேரலாம். மாறாக, மெய்யான மாரடைப்பை ‘சர்க்கரையால் வந்த உயர்வு’ என்று விட்டாலும் உயிர் போகும். குருதியின் அமிலநிலையும் பொட்டாசியமும் சில நிமிடங்களில் கிடைக்கும் இடத்தில் இக்குழப்பம் குறையும். அவை கிடைக்காத இடத்தில் வரைவுத்தாள் ஒன்றே தீர்ப்பு வழங்குகிறது.

2018இல் வெளியான நான்காவது உலகளாவிய வரையறை ‘இதயத்தசைக் காயம்’ என்பதை மாரடைப்பிலிருந்து தனியே பிரித்தது. 2021 அக்டோபரில் அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலில், குருதிக்குறைவு சாராத இதயத்தசைக் காயத்துக்குத் தனிக் குறியீடும் வந்தது. குறியீடு வந்த பிறகே எண்ணிக்கை சாத்தியமாகும்.

பெயரில் உறையும் கோட்பாடு

கிண்டிப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்படுபவை. அவற்றின் பின்னிணைப்பில் நோயாளி கையொப்பமிட வேண்டிய ‘சுய ஒப்புதல் படிவம்’ தமிழில் இருக்கும். பல ஏடுகளில் தமிழ் தலைகாட்டும் ஒரே பக்கம் அதுவே. அறிவியல் முழுவதும் ஒரு மொழியிலும் இசைவு மட்டும் இன்னொரு மொழியிலும் அமைந்த இப்பிரிவினையைப் பற்றித் தமிழாய்வுலகம் இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும்.

அப்பக்கத்தில் ஒரு மருத்துவர் இந்நிலையை எப்படி விளக்குவார்? தமிழில் இதய அவசர நிலைக்கு வழங்கும் பெயர் ‘மாரடைப்பு’. மார்பும் அடைப்பும் சேர்ந்த இச்சொல் நோயின் காரணத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆங்கிலப் பொதுவழக்கிலுள்ள பெயர் தாக்குதலைச் சொல்லி நின்றுவிடுகிறது. எதனால் என்று அது சொல்வதில்லை. அவ்வழக்கில் அடைப்பற்ற நேர்வையும் ஒருவாறு அடக்கிவிடலாம். தமிழில் ‘அடைப்பில்லாத மாரடைப்பு’ என்றால் சொல்லே தன்னை மறுக்கிறது. சொல் பிறந்தபோது அடைப்பு என்றது நெஞ்சில் உணரப்பட்ட இறுக்கத்தையா, தமனியிலுள்ள தடையையா என்பது தனியே ஆராயத்தக்கது. இன்றைய வழக்கில் அது தமனித் தடையாகவே பொருள்கொள்ளப்படுகிறது. ‘இதயத்தசைக் காயம்’ என்னும் நேர்பெயர்ப்பும் குறையற்றதன்று. காயம் என்றவுடன் வெட்டும் குத்தும் நினைவுக்கு வரும். ‘இதயத்தசை நலிவு’ எனலாமோ என்று இக்கட்டுரையாளர் எண்ணியதுண்டு. நலிவு என்பது நாட்பட்டதைச் சுட்டுவதால் மணிக்கணக்கில் தோன்றி மறையும் இந்நிலைக்கு அதுவும் முழுதும் பொருந்தவில்லை. வழக்கு எதனைத் தேர்கிறதோ அதுவே நிற்கும்.

பெயர் முடிவுறாத இந்நிலை ஆவணத்திலும் தடம் பதிக்கிறது. சென்னை நகரில் நீரிழிவின் பரவல் 1989இல் 8 விழுக்காட்டையொட்டி இருந்து 2004இல் 14.3 விழுக்காட்டை எட்டியதாக ஆய்வுகள் கூறும். அதே காலப்பகுதியில்தான் ட்ரோபோனினும் புதிய வரையறையும் வந்தன. நோய், கருவி, வரையறை ஆகிய மூன்றும் ஒருங்கே மாறிய காலத்தின் இறப்புப் பதிவுகளை ஒரே அளவுகோலால் ஒப்பிட இயலாது. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் மருத்துவமனை இறப்புக்கு நிரப்பப்படும் 4ஆம் எண் படிவத்தில், முதற்பகுதியில் உடனடிக் காரணமும், அதன்கீழ் அதற்கு முந்தைய காரணங்களும் வரிசையாக எழுதப்பட வேண்டும். இரண்டாம் பகுதி உடனிருந்த பிற நோய்களுக்குரியது. கீட்டோ அமிலத்தேக்கத்தை முதற்பகுதியின் கடைசி வரியில் எழுதினால் அந்த இறப்பு நீரிழிவின் கணக்கில் சேரும். மேல்வரியில் ‘மாரடைப்பு’ என்று மட்டும் எழுதி, நீரிழிவை இரண்டாம் பகுதிக்குத் தள்ளினால் அதே இறப்பு இதய நோயின் கணக்கில் சேரும்.